தாண்டு, தாண்டு, ஒட்டு

தாண்டு, தாண்டு, ஒட்டு. தாண்டு, தாண்டு, தாண்டு, ஒட்டு. கெசியா இத இங்கிலீசுலதான் சொல்லிக் குடுத்தா, என் வாயில நுழையல, நானா மாத்திக்கிட்டேன். நடுவுல ஒரு கட்டத்த விட்டுட்டுப் போனா தாண்டு, பக்கத்துக் கட்டத்துக்கே போனா ஒட்டு. சின்னப்புள்ளையில சில்லு விளையாண்டவளுக்கு இதென்ன பெரிய சங்கதி. மேஜர் ஸ்கேலுன்னு எட்டு சுரம் வரிசையா ஏறுறது இம்புட்டுதான் பாட்டி, எங்க ஆரம்பிச்சாலும் இதே அடிதான், ஆரம்பிக்கிற எடத்துக்கு ஏத்தாப்ல பேரு மட்டும் மாறும், மொத்தம் பன்னெண்டு இருக்குன்னா. எனக்கு ஒண்ணு போதும்டி, பன்னெண்ட வச்சுக்கிட்டு நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்னேன். இது ஜி மேஜர். கிதாரோட கனத்த கம்பியில மூணாங் கட்டத்துல மோதிர விரல அமுக்கறேன். ஒண்ணு. அடுத்தது வெறுங்கம்பி, ரெண்டு. மூணு. நாலு, அது ஒட்டு. அஞ்சு. ஆறு. ஏழாவதுலதான் வில்லங்கம், சுண்டுவிரல் எட்டிப் போய் நாலாங் கட்டத்துல நிக்கணும். போயிருச்சு, நின்னுருச்சு. எட்டு. சுத்தமா வந்துருச்சு. உள்ள சத்தமில்ல. ஃபேன் மட்டும் கரக் கரக்குன்னு சுத்துது. அந்த ஃபேனுக்கு எண்ணெய் விடுறான்னு சுகிர்தன்கிட்ட எம்புட்டு நாளாச் சொல்றேன், அவனுக்கு எங்க நேரம். இன்னைக்கு நேரம் இருக்காம். ஆபீசு விட்டு நேரா இங்க வர்றான், காரோட. நேத்து போன்ல அவன் பேசுனது இன்னும் காதுக்குள்ளயே நிக்குது. ம்மா, ஒரே ஒரு தடவ அப்பா தட்டுறத எங்காதால கேட்டுர்றேன், கேட்டுட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், கேக்கலேன்னா நீ எம்பேச்சக் கேக்கணும், முதியோர் இல்லத்துல எடம் ரெடியா இருக்கு, நாளைக்கே கூட்டிட்டுப் போயிரலாம். கொடைரோட்டுப் பக்கம் சிஸ்டருங்க நடத்துற எடமாம். மாமரமெல்லாம் நிக்குதாம். இவருக்கு மாமரம் எதுக்கு. அவனையும் குத்தம் சொல்ல முடியாது, பாத்ரூம்ல இவரத் தூக்குறப்ப நான் வழுக்கி விழுந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தத அவன்தான வந்து பாத்தான். அன்னைக்கு அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவனுக்கு அப்பா போயிட்டாரு, அம்மாவாச்சும் மிஞ்சட்டும்னு கணக்கு. போயிட்டாருன்னு அவன் வாயால சொல்லல. சொல்லாமயே சொல்றான். இன்னொருக்க வாசிக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழுக்குச் சுண்டுவிரல் தானாப் போகுது. எட்டு. உள்ள சத்தமில்ல.

உள்ளன்னா பெரிய தூரமில்ல, இந்தத் திரைக்கு அங்கிட்டுதான். என் பழைய வாயில் சேலைய வெட்டித் தச்ச திரை. அதுக்குப் பின்னாடி ஆசுபத்திரிக் கட்டிலு, பக்கத்துல எவர்சில்வர் கம்பி வச்சது, அதுல படுத்திருக்காரு எபனேசரு. கிதார் எபின்னு சொன்னா அந்தக் காலத்துல மதுரையில ஆட்டோக்காரன் நேரா வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருவான். கல்யாணம், சாமி கும்பிடு, சர்ச்சு அசன விருந்து, எங்க ஆர்கெஸ்ட்ரா போட்டாலும் இவரு இருப்பாரு, ஆனா மேடையில ஒரு ஓரமா, லைட்டு படாத எடமாப் பாத்து. போன வருசம் குளிச்சிட்டு வந்து தலை தொவட்டிக்கிட்டு இருக்கப்பத்தான் விழுந்தாரு. வலது பக்கம் பூராம் போச்சு, பேச்சும் போச்சு. இடது கை பொழச்சுக்கிச்சு. கம்பிய அமுக்குற கை இருக்கு, அடிக்கிற கை இல்ல. பாதிக் கிதாரு. டாக்டர்கிட்ட கேட்டேன், நாம பேசுறது இவருக்குப் புரியுதாங்கய்யான்னு. சொல்ல முடியாதும்மான்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு அம்புட்டு ஃபீசு. கண்ணு தொறந்துதான் இருக்கும், பாக்குறாரா பாக்கலையான்னு தெரியாது, செவத்துல ஒட்டுன பல்லி மாதிரி ஒரே எடத்துல நிக்கும். நான் கூப்பிட்டேன், சுகிர்தன் கூப்பிட்டான், பேத்தி தாத்தா தாத்தான்னு கத்துனா, பாஸ்டரு வந்து தலையில கை வச்சு ஜெபம் பண்ணாரு. மனுசன் அசையல. நானும் ஒவ்வொண்ணாச் செஞ்சு பாத்தேன். காதுகிட்ட தட்டக் கீழ போட்டேன், கீழ் வீட்டுல சண்டைக்கு வந்தாங்களே தவிர இவரு வரல. கூப்பாடு போட்டுப் பாட்டுக்கூடப் பாடுனேன், எனக்குச் சுதி சேராது, அதுக்காவது மூஞ்சியச் சுளிப்பாருன்னு. சுளிக்கல, அதுல ஒண்ணும் அதிசயமில்ல, என் பாட்ட இவரு எந்தக் காலத்துலயும் திருத்துனதில்ல. நீ பாடுறது கர்த்தருக்கு, அவரு நீடிய சாந்தமுள்ளவரு, பொறுத்துக்குவாருன்னு சொல்லுவாரு. அப்படித்தான் ஒருநாள் கெசியா வந்தா. எங்க சர்ச்சு பாட்டுக் குழுவுல இருக்கா, பைபாஸ் ரோட்டுல செல்போன் கடையில வேல. பெரிய வெள்ளிக்கு எங்க கிதாரு காலை வாரிருச்சு பாட்டி, தாத்தா கிதாரத் தருவீங்களான்னா. தரமாட்டேன்னேன். உடனே இல்லேன்னு சொல்லிட்டோமேன்னு காப்பி போட்டேன். அவ சும்மா இருப்பாளா, செவத்துல மாட்டியிருந்தத எடுத்து, துணியால தொடச்சு, காதத் திருகித் திருகி சுதி சேத்தா. இந்தாங்க பாட்டி, நீங்க ஒருக்க அமுக்குங்க, ஜி மேஜர் ரொம்பச் சுளுவுன்னா. இந்தக் கொடுமையப் பாருங்களேன்னு சிரிச்சிக்கிட்டே அவ காட்டுன எடத்துல எல்லாம் விரல வச்சேன். ஏழாவதுக்கு வந்தப்ப சுண்டுவிரல் எட்டல, மோதிர விரல மூணாங் கட்டத்துல வச்சு இழுத்துவிட்டேன். டிங். உள்ள. நான் கெசியாவப் பாத்தேன், கெசியா என்னையப் பாத்தா. காப்பி ஆறுறது எங்க ரெண்டு பேருக்கும் தோணல. மறுபடி அமுக்குனேன், அதே தப்பு, அதே டிங்.

அந்த டிங்க எனக்குத் தெரியாதா. அது கல்யாண மோதிரம், இடது கையில போட்டது, கட்டில் கம்பியில பட்ட சத்தம். ஆனா எனக்கு அத கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும், அப்ப வெள்ளி மோதிரம். டவுன்ஹால் ரோட்டுச் சந்துல நான் ஜாக்கெட் தச்சுக்கிட்டு இருந்தேன். ஆர்கெஸ்ட்ராக்காரவுகளுக்கெல்லாம் ஒரே மாதிரி சட்டை வேணும்னு முத்தையாண்ணன், அவருதான் குழு நடத்துனது, ஒரு கட்டு சாட்டின் துணியக் கொண்டாந்து போட்டாரு. ஆம்பளச் சட்டை எனக்குப் பழக்கமில்ல, இருந்தாலும் வர்ற வேலைய விடுவாகளா. இவரு சட்டைக்கு மட்டும் ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தச்சுட்டேன். மனுசன் வந்து போட்டுப் பாத்தாரு, ஒரு கை ஒழுங்கா இருக்கு, இன்னொண்ணு கோழி றெக்க மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒரு வார்த்த பேசல. தையல் மிசினு மேல மோதிரத்த வச்சு டிங்குன்னு ஒரு தட்டு. அம்புட்டுதான். நான் நிமிந்து பாத்தேன், அவரு என்னையப் பாக்கல, வாசல்ல போற சைக்கிளப் பாத்துக்கிட்டு இருக்காரு. மேடையிலயும் இதே வேலதான்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு. எவனாவது தப்பா வாசிச்சா கிதாரு கட்டையில மோதிரத்தால ஒரு தட்டு. மைக்குல வராது, சனத்துக்குக் கேக்காது, தப்புப் பண்ணவனுக்கு மட்டும் கேக்கும். திரும்பியும் பாக்க மாட்டாரு. வனஜான்னு ஒருத்தி பாடிக்கிட்டு இருந்தா, நல்ல குரல், வாய் ஜாஸ்தி. மேலூர்ல ஒரு காதுகுத்து வீட்டுல பாட்ட எடுக்கும்போதே சுதி விட்டு எடுத்துட்டா. இவரு தட்டுனாரு. அவ நிப்பாட்டிட்டு மைக்குலயே கேட்டா, என்ன எபியண்ணே, வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி தட்டுறீக, யாரு வேணும்னு. சனம் கைதட்டிச் சிரிச்சிருச்சு. இவரு கீழ குனிஞ்சுகிட்டே சொன்னாராம், சுருதியம்மா வேணும், வீட்டுல இருக்காகளான்னு. மேடையில இவரு வாயத் தொறந்து பேசுனது அது ஒண்ணுதான்னு முத்தையாண்ணன் சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நான் எதுக்கு இப்ப வனஜாவப் பத்தி யோசிக்கிறேன். மணி என்ன ஆச்சு. வெயிலு சன்னல விட்டு எறங்கி அரிசி டிரம்முக்குப் போயிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கார் சத்தம் கேட்டுரும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஏழு. எட்டு. இல்ல.

இப்பத்தான் தப்பு வர மாட்டேங்குது, அதான வெனையாப் போச்சு. ஆரம்பத்துல மாசக்கணக்கா தெனம் தப்புதான். கெசியா ஞாயித்துக் கெழம ஆராதன முடிஞ்சு வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போவா, மத்த நாளெல்லாம் நான் இந்தத் திரை ஓரத்துல ஸ்டூலு போட்டு உக்காந்து அமுக்குவேன். ஊசி குத்திக் குத்திக் காச்சுப்போன விரலுதான, அதனால கம்பி அறுக்கல, ஆனா சுண்டுவிரல் இருக்கே, அது எந்தக் காலத்துல வேல பாத்துச்சு, காஜா எடுக்குறப்பக்கூட ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்த விரலு. அது எட்டாது, மோதிர விரல் முந்திக்கிட்டுப் போயி மூணாங் கட்டத்துல உக்காந்துக்கும், உள்ள டிங்கு வரும். ஒரு நாளைக்கு எத்தன டிங்கு. சோறு ஊட்டுறப்ப மரம் மாதிரி இருக்குற மனுசன், நான் வெளிய வந்து கம்பியத் தொட்டா ஆளு வந்துர்றாரு. அந்த மாசங்கள்ல நான் திட்டு வாங்குன மாதிரி யாரும் வாங்கியிருக்க மாட்டாக, அம்புட்டு சந்தோசமா இருந்தேன். சமையக்கட்டுல நிக்கையில கூட சிரிப்பு வரும். கெசியாதான் சலிச்சுக்கிட்டா, பாட்டி நீங்க தேறவே மாட்டீங்க போலயேன்னு. அவ கண்ணு வச்சுட்டா. இல்ல, கண்ணு கிண்ணு ஒண்ணுமில்ல, தெனம் செஞ்சா கழுதகூட கத்துக்கும். ஒரு நாள் சுண்டுவிரல் தானா எழுந்திருச்சு நாலாங் கட்டத்துல போயி நின்னுச்சு. அன்னைக்கு நான் அது நின்ன சந்தோசத்துல உள்ள சத்தம் வரலங்கிறதையே கவனிக்கல. பெறகு கவனிச்சேன். அதுலேருந்து சத்தமில்ல. சரியா வாசிக்கறதால தட்டலையா, இல்ல தட்டுறதுக்கு உள்ள ஆளில்லையா. ராப்பகலா இதான் ஓடுது. மேடையிலயும் சரியா வாசிச்சவனுக்குச் சத்தம் கெடையாது, சபாஷும் கெடையாது, தெரியும். ஆனா இப்ப இவரு கண்ணு முன்னைக்கு இன்னும் தூரமாப் போயிட்ட மாதிரி இருக்கு. கஞ்சி கடவாயில வழியுது, முழுங்குறதுக்கு நேரமாகுது. சுகிர்தன் அப்பவே சொன்னான், அது தட்டுறது இல்லம்மா, கை தானா வெட்டி இழுக்குறது, மோதிரம் கம்பியில படுது, நரம்புத் தளர்ச்சியில அப்படி வருமாம், நெட்டுல போட்டிருக்குன்னு. போடா உன் நெட்டுன்னேன். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அப்படியும் இருக்குமோ. நான்தான் கோர்த்துக்கிட்டேனோ. தப்பா வாசிச்சுப் பாத்தா தெரிஞ்சுரும். ஒரே ஒரு தப்பு. அத வாசிக்க எனக்குக் கை வரமாட்டேங்குது, பயம். வாசிச்சு, தட்டலேன்னா. தட்டலேன்னு தெரிஞ்சதுக்கப்பறம் அந்தக் கட்டிலுகிட்ட போயி நான் யாருக்குக் கஞ்சி ஊட்டுவேன். தெரியாம இருந்தா ஊட்டலாம்.

ஆனா அவன் வந்ததுக்கப்பறம் அவன் முன்னாடி தெரியுறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கிறது மேல். தனியா இருக்கையில தெரிஞ்சா முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிட்டுக் கதவத் தொறக்கலாம். சரி. கர்த்தரே. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு, மோதிர விரல மூணாங் கட்டத்துல வைக்கணும், வைக்கணும், சுண்டுவிரல் போயி நாலுல நின்னுருச்சு. பாத்தீங்களா அநியாயத்த. நான் மூணுன்னு நெனைக்கிறேன், அது நாலுக்குப் போகுது. மறுபடி. ஆறு, ஏழு, சனியன் புடிச்ச விரலு மறுபடியும் நாலு. பத்து மாசம் சொன்னபேச்சு கேக்காம நாலுக்குப் போகமாட்டேன்னு அடம் புடிச்சது, இப்ப மூணுக்குப் போகமாட்டேன்னு அடம் புடிக்குது. சுண்டுவிரல உள்ளங்கைக்குள்ள மடக்கி வச்சுக்கிட்டேன், புள்ளைய மடியில அமுக்கிப் புடிக்கிற மாதிரி. ஆறு. ஏழு. மூணாங் கட்டம், நல்லா அழுத்தி, சத்தமா. வந்துருச்சு, தப்பு வந்துருச்சு, எனக்கே காதுல குத்துது, இத்தன மாசத்துல எனக்கே இது தப்புன்னு கேக்குற அளவுக்குக் காது வந்துருச்சு. ஃபேன். கீழ் வீட்டுக் குக்கர். யாரோ பம்பு போடுறாக. உள்ள ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் இருந்து பாக்கலாம், வயசான ஆளு, கை எழும்ப நேரமாகும். ஒண்ணுமில்ல. இன்னொருக்க அதே தப்ப வாசிக்கறேன், இன்னும் சத்தமா, கம்பி அதிருது, கிதாரு வயித்துல மோதி அதிருது. ஒண்ணுமில்ல. மூணாவது தடவ நான் அமுக்கல. போதும். என்னமோ தெரியல, இந்த நேரத்துல எனக்கு ரசம் ஞாபகத்துக்கு வருது. எங்களுக்குள்ள சண்டைன்னா இவரு பேச மாட்டாரு, நாள் கணக்கா வாயக் கட்டிருவாரு, நான் ஒருத்தியே செவத்தோட பேசணும். வாயத் தொறக்க வைக்கிறதுக்கு நான் ஒரு வழி கண்டுபுடிச்சேன், வேணும்னே உப்பில்லாம ரசம் வைக்கிறது. எப்படியும் கேப்பாருல்ல. கேக்க மாட்டாரு. சப்புன்னு இருக்குற ரசத்த ஊத்தி ஊத்தித் தின்னுட்டு, அமிர்தம் குடிச்சவரு கணக்கா கைகழுவிட்டு எந்திரிப்பாரு. வாயோட ஓரம் மட்டும் லேசா மேல போகும். ஆனா என்னைக்காவது நெசமாவே உப்பு போட மறந்துட்டேன்னு வைங்க, மொத வாயிலயே தட்டு வெளிம்புல டிங். எப்படித் தெரியும் உங்களுக்கு, எது வேணும்னு போடாதது, எது மறந்ததுன்னு ஒருநாள் கேட்டேன். தெரியும்னாரு. எப்படின்னு சொல்லல. சுகிர்தன் சின்னப்புள்ள, தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாப்பான்.

எந்திரிச்சு திரைய வெலக்கிப் பாத்தேன். கிதாரு வார் கழுத்துலயே கெடக்கு, எடுக்கத் தோணல. படுத்திருக்காரு. போர்வை நெஞ்சு வரைக்கும் இருக்கு. இடது கை கம்பிகிட்டதான் இருக்கு, மோதிரத்துக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு விரக்கட அளவுதான். கண்ணு செவத்துல. வாய்ல, நல்லா இருக்குற அந்தப் பக்கத்து ஓரத்துல, லேசா. லேசா மேல போயிருக்கு. போயிருக்கா. இல்ல கஞ்சி வழிஞ்சு காஞ்ச கோடா. குனிஞ்சு பாத்தேன், கண்ணாடிய ஸ்டூலு மேல வச்சுட்டு வந்துட்டேன், மங்கலா இருக்கு. என்னங்க, சிரிக்கிறீகளான்னு கேட்டேன். கட்டை வெரலால அந்த ஓரத்தத் தொடச்சேன், கஞ்சிதான் கொஞ்சம் ஒட்டிச்சு. தொடச்சதுக்கப்பறமும் மேலதான் இருக்குற மாதிரி இருக்கு. இல்ல இல்லாத மாதிரி இருக்கு. இதப் போய் நான் சுகிர்தன்கிட்ட எப்படிச் சொல்லுவேன், உங்கப்பா தட்டல, ஆனா தட்டாததுதான் விசேசம்னா, எனக்கும் சேத்து அந்த இல்லத்துல ஒரு கட்டிலு போட்டுருவான். கண்ணாடிய எடுத்துட்டு வந்து நிதானமாப் பாக்கலாம்னு திரும்புறேன், கீழ கார் கதவு சாத்துற சத்தம். அவன்தான். படியேறுறப்ப சாவிய ஆட்டிக்கிட்டே ஏறுவான், சின்ன வயசுலேருந்து எதையாவது ஆட்டணும் அவனுக்கு.

"என்னம்மா இது, கழுத்துல மாட்டிக்கிட்டே கதவத் தொறக்குற. கச்சேரிக்குக் கெளம்பிட்டியா," அப்டின்னுக்கிட்டே உள்ள வந்தான். சிரிக்கத்தான் பாக்குறான், முடியல. மூஞ்சி பூராம் வேர்வை. தண்ணி குடுத்தேன், வாங்கி, குடிக்காம அரிசி டிரம்மு மேல வச்சுட்டான். "அப்பா சாப்டாரா?" "கஞ்சி குடிச்சாரு." "முழுங்குனாரா?" "முழுங்குனாரு, என்ன, கொஞ்சம் நேரம் புடிச்சு." தலைய ஆட்டிக்கிட்டான். திரைய வெலக்கி அப்பாவ எட்டிப் பாத்தான், போர்வைய இழுத்து விட்டான், பாதத்தத் தொட்டுப் பாத்தான் சில்லுன்னு இருக்கான்னு. நல்ல புள்ளைதான். வெளிய வந்து என் ஸ்டூலுக்கு எதிர்ல நின்னான், உக்காருடான்னாலும் உக்காரல. "ம்மா, எனக்கும் இது புடிச்சுப் பண்றதில்ல. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் சொல்லு." "நீ ஒண்ணும் பண்ண வேணாம்." "வீட்டுல பெனிட்டாகூட சொல்றா, அத்தை இங்க நம்மகூட வந்து இருக்கட்டும், ஞாயித்துக் கெழம ஞாயித்துக் கெழம நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்னு." "வாரத்துக்கு ஒருக்க பாக்க அவரு என்னடா பொருட்காட்சியா." "வாசிம்மா," அப்டின்னான். "கேட்டுருவோம்."

தப்பா வாசிக்கணுமா, சரியா வாசிக்கணுமா. தப்பா வாசிச்சா தட்ட மாட்டாரு, இப்பத்தான் பாத்தேன். சரியா வாசிச்சாலும் தட்ட மாட்டாரு. எப்படி வாசிச்சாலும் சாவி செயிக்கும், அந்தச் சாவி அவன் விரலு நடுவுல ஆடிக்கிட்டே இருக்கு. எப்படியோ போகட்டும், நல்லாவே வாசிச்சுருவோம், நம்ம ஆளு கடைசியாக் கேக்குறது சுத்தமா இருக்கட்டும்னு தோணுச்சு. விரல எடத்துல வச்சேன். கை ஈரமா இருக்கு, சேலையில தொடச்சுக்கிட்டு மறுபடி வச்சேன். ஒண்ணு. ரெண்டு. அந்த நேரம் பாத்து சுகிர்தன் கைக்குட்டைய எடுத்துப் பின்கழுத்தத் தொடைக்கிறான், மொதல்ல எடப்பக்கம், பெறகு வலப்பக்கம், பெறகு காதுக்குப் பின்னாடி. அச்சு அசலா இவரு. மேடையில பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இவரு தொடைக்கிறது இப்படித்தான். புள்ளைக்கு முன்தலை ஏறிருச்சு, அது எப்ப ஏறுச்சு, நான் பாக்கவேயில்லையேன்னு நெனைக்கிறேன், கை அதுபாட்டுக்குப் போகுது. மூணாவது. நான் ஒருநாளும் தப்பாத மூணாவது, நடுவிரல வைக்க வேண்டிய எடத்துக்கு ஆள்காட்டி விரல் போயிருச்சு, எனக்குத் தெரியவேயில்ல.

டிங்.

சாவி ஆடுறது நின்னுச்சு. எனக்கு என்ன நடந்துச்சுன்னே ஒரு நிமிசம் வெளங்கல, நான் எதத் தப்பா வாசிச்சேன், நான் தப்பே வாசிக்கலையேன்னுதான் மனசு போகுது. பெறகு கீழ பாத்தா விரலு ஒரு கட்டம் தள்ளி நிக்குது. வெக்கமாப் போச்சு. மூணாவதையா விடுவா ஒருத்தி, கத்துக்குட்டிகூட விடாதே. சுகிர்தன் திரையப் பாக்குறான், என்னையப் பாக்குறான், மறுபடி திரையப் பாக்குறான், தட்டுக்கு முன்னாடி உக்காந்திருந்த அதே பார்வை. தண்ணிய எடுத்து ஒரே மடக்குல குடிச்சான். "ம்மா," அப்டின்னான், "இன்னொருக்க தப்பா வாசியேன்."

"வேணும்னு வாசிச்சா தட்ட மாட்டாருடா."

"ஏன்?"

"உனக்குத் தெரியாதா. எம்புட்டு நாளு உப்பில்லாத ரசம் குடிச்சிருக்க."

அவனுக்கு ஏறுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஏறுனதும் ஸ்டூலுக்குப் பக்கத்துல அப்படியே தரையில உக்காந்துட்டான், பேன்ட்டு கசங்குறதக்கூடப் பாக்காம. கையில சாவிய எங்க வைக்கிறதுன்னு தெரியாம சட்டைப் பையில போட்டுக்கிட்டான். நான் கண்ணாடியத் தேடி மாட்டிக்கிட்டேன். இப்ப எனக்கு இருக்குற கவல வேற. இந்த ஜி மேஜரு எனக்கு வந்துருச்சு, இன்னைக்கு ஏதோ அவன் கழுத்தத் தொடைக்கப் போயித் தப்புனேன், நாளைக்குத் தப்புவனா. வந்துட்ட ஒண்ண வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய. இத்தன நாளும் இந்த ஒண்ணுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தேனே, கூறுகெட்டவ, அந்தப் புள்ள மொத நாளே பன்னெண்டுன்னு சொன்னா.

"டேய், கெசியாவுக்கு ஒரு போனப் போடு," அப்டின்னேன். "நாளைக்கு வரச் சொல்லு. அடுத்தது என்னமோ டி மேஜராம். எனக்குச் சுத்தமாத் தெரியாது."